ஹோல்டில் ஒரு மீன்

அமலோற்பவம் என்றால் அங்கே வாய்க்குள் நுழையாது,
அதனால் இரவு ஒன்பதரைக்கு மேல் நான் எமி.
நாகவாராவில் ஏழாம் மாடி.
கடல் தாண்டிய ஏதோவொரு மாநிலத்தின்
மீன்பிடி உரிமத்துக்கு உதவி எண்.

ட்ரவுட்டை நான் பார்த்ததில்லை.
நாளைக்கு இரண்டுதான் என்று தெரியும்.
சால்மன் என்றால் ஒன்று.
அதுவும் வாலுக்கு முன்னால் இருக்கும் குட்டித் துடுப்பு
பண்ணையில் நறுக்கி விட்டதாக இருக்க வேண்டும்.
துடுப்பு முழுசாக இருந்தால் ஆற்றில் பிறந்தது,
விட்டுவிட வேண்டும்.
கொக்கியில் எதிர்முள் கூடாது.
பாலத்துக்கு மேலே மண்புழு கூடாது, மீன்முட்டை கூடாது,
இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி மட்டும்.
பாலத்துக்குக் கீழே புழுவுக்குத் தடையில்லை.

எந்தப் பாலம் என்று கேட்பார்கள்.
வரைபடத்தில் எல்லாப் பாலமும் ஒரு சிறு கோடு.

புழுவுக்கு இதெல்லாம் தெரியுமா என்றாள்
பக்கத்து இருக்கை ஃபர்ஹீன்.
ம்யூட் போட்டுச் சிரித்தோம்.

மூன்று பத்துக்கு, அவருக்கு அது பிற்பகல்,
ஒருவர் தண்ணீருக்குள் நின்றபடியே அழைத்தார்.
என் காதில் ஆறு ஓடியது.
கையில் இருக்கிறது, பதின்மூன்றரை அங்குலம்,
வைத்துக்கொள்ளலாமா?
எந்த ஆறு சார்?
சொன்னார். புரியவில்லை.
எழுத்து எழுத்தாகச் சொன்னார்,
பன்னிரண்டு எழுத்து.
பக்கம் திறக்கவில்லை. திரையில் வட்டம் சுற்றியது.
இந்த இடத்தில் சொல்வதற்கு ஒரு வாக்கியம் தந்திருக்கிறார்கள்:
தயவுசெய்து லைனில் காத்திருங்கள்.
சொன்னேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
காத்திருக்கச் சொன்னது இரண்டு பேரை.

ஹோல்டில் போட்டால் பியானோ வாசிக்கும்.
அவருக்குப் பியானோ.

வட்டம் சுற்றியது.
கணக்குப் பார்க்க நானும் மூச்சைப் பிடித்தேன்.
முப்பத்துநாலு நொடி. அதற்கு மேல் முடியவில்லை.
ஹோல்டை எடுத்து
முதலில் அதைத் தண்ணீரில் விடுங்கள் சார் என்றேன்.
சளக்.
மீனாக இருக்கலாம்,
அவர் கால் மாற்றி நின்றதாகவும் இருக்கலாம்.
உடனே பக்கம் திறந்தது.
பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம்.
அதையும் சொன்னேன். சொல்லித்தானே ஆக வேண்டும்.
அவர் பேசவில்லை.
ஆறு மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தது.
சரி எமி, என்றார்,
வேறு உதவி வேண்டுமா என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

தர மதிப்பெண் அறுபத்தொன்று.
காரணம்: விதியைப் பார்க்காமல் அறிவுரை.
நீ ஆளுக்கு வேலை பார்க்கிறாயா மீனுக்கா
என்றார் டீம் லீடர். ஃபர்ஹீன்கூடச் சிரித்தாள்.

காலையில் கேப் வேண்டாமென்று ஏரிப்பக்கம் நடந்தேன்.
கம்பிவேலியில் பலகை:
மீன் பிடிக்கத் தடை.
அபராதத் தொகை இருந்த இடம் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது.
அதன்மேல் சட்டையைத் தொங்கவிட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.
அங்குலம் இல்லை, துடுப்புக் கணக்கில்லை.
கோல்கூட இல்லை,
பெப்சி பாட்டிலில் சுற்றிய நரம்பு.
நேற்றைய ராகி முத்தையில் சோம்புத்தூள் போட்டு
உள்ளங்கையில் உருட்டினார்.
கொக்கியில் எதிர்முள் இருந்தது,
பார்த்ததும் கண் அங்கேதான் போனது.
வாயைத் திறக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்துவிட்டது.
பாலிதீன் பையில் இரண்டு ஜிலேபி மீன்,
ஒன்று இன்னும் பையை உதைத்துக்கொண்டிருந்தது.

அவர் போன் அடித்தது.
யார் எவரென்று கேட்காமல் நரம்பை என்னிடம் நீட்டினார்.
ஸ்வல்ப ஹிட்கொள்ளி.
நம்ம பிடிதான், கொஞ்சம் மூச்சு கூடுதல்.

பிடித்துக்கொண்டேன்.
கேஸ் சிலிண்டர் வரவில்லையென்று
அவர் யாரிடமோ சண்டை போட்டார்.
மறுமுனையில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு, இருட்டில் யாரோ சட்டை நுனியைத் தொட்டதுபோல்
சின்னதாக ஓர் இழுப்பு.

சார், என்றேன்.
அவர் திரும்பாமலே
ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்:
ஒரு நிமிஷம்.